வயது இல்லாத மனுதாரர்கள்

கொடைக்கானல் தாலுகா ஆபீஸை ஒட்டி டைப்ரைட்டர் போட்டு, மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். 1980களில் தொடங்கிய தொழில். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, காட்டுமாடு மேய்ந்து அழித்த பூண்டுக்கு நிவாரணம் என்று மலைக்காரர்களுக்கு வரக்கூடிய குறைகளில் பாதி என் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும். குறை எதுவானாலும் முகப்பு ஒன்றுதான். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண், ஊர். அதற்குப் பிறகுதான் 'ஐயா, வணக்கம்'.

முகப்பில் என் விரல் அதிகம் தயங்கி நின்றது வயதில்தான். மலையில் பிறந்த பலருக்கு அது தெரியாது. 1994-இல் குறிஞ்சி பூத்து ஓய்ந்த சமயம், பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா வந்தார். பிள்ளையின் படிப்புக்குச் சாதிச் சான்று வேண்டும்.

"வயசு என்னம்மா?"

"அது எங்கிட்டுச் சாமி தெரியும்? நான் பொறந்த வருசம் குறிஞ்சி பூத்துச்சுன்னு எங்காத்தா சொல்லும். அதுக்குப் பொறவு நாலு பூப் பார்த்துட்டேன். இப்பப் பூத்ததோட நாலு."

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு பூ. 48 என்று அடித்தேன். பளியர்கள் குறிஞ்சியை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருவர் என் முன்னால் நின்று கணக்குச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் ஆத்தாவுக்குப் பிரசவ வலி கண்ட ஆண்டு மலை நீலமாக இருந்தது. அடுத்து நீலமானபோது இவர் சிறுமி. அதற்கடுத்து மணமாகியிருக்கலாம். அந்த உடம்பு கடந்து வந்த காலம் முழுக்க அந்த இரண்டு இலக்கத்துக்குள் இருந்தது.

அதே மேசையில் வயது இல்லாத மனுதாரர்களுக்கும் அடித்திருக்கிறேன். பழனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மேலே வரும் வக்கீல்கள் நகல் அடிக்கக் கொடுப்பார்கள். ஒரு வழக்கில் வாதி ஒரு கம்பெனி. 'அதன் மேலாண்மை இயக்குநர் மூலமாக' என்று போட்டிருக்கும். இன்னொன்றில் வாதி சாமியே. 'அருள்மிகு' என்று தொடங்கி, 'செயல் அலுவலர் மூலமாக' என்று முடியும். இரண்டிலும் வயது இருக்காது. "சார், இதுல வயசு விட்டுப்போச்சுங்களே" என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: "சட்டத்துக்கு ரெண்டு வகை ஆளுங்க தம்பி. பிறந்து சாகிற ஆளு ஒண்ணு. சட்டமே உண்டாக்குன ஆளு இன்னொண்ணு. ரெண்டாவது ஆளுக்கு வயசு கெடையாது."

அந்தப் பதில் என்னை விடவில்லை. பின்னாளில் தேடிப் படித்தேன். கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு, இரண்டும் தனித்தனி ஆட்கள் என்று லண்டனில் காலணித் தொழில் செய்த சாலமன் என்பவரின் வழக்கில் பிரபுக்கள் சபை 1897-இல் உறுதி செய்தது. கல்கத்தா மல்லிக் குடும்பத்தின் வழிபாட்டு மூர்த்தியை யார் வீட்டில் வைப்பது என்ற தகராறில், சாமி சட்டப்படி ஓர் ஆள், அதன் விருப்பத்தையும் தகுந்த காப்பாளர் வழியாகக் கேட்க வேண்டும் என்று 1925-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. சாமி என்றைக்கும் மைனர், அதற்கு ஒரு காப்பாளர் வேண்டும் என்பது நம் நீதிமன்றங்களில் ஊறிப்போன கோட்பாடு. பழனி மலையின் அடிவாரக் குன்றில் நிற்கும் தண்டாயுதபாணி பக்தனுக்குப் பிள்ளை வடிவம். சட்டத்துக்கும் அவர் பிள்ளைதான். அவர் பேரில் நிலம் இருக்கும், நகை இருக்கும், வழக்கும் நடக்கும்.

இந்த ஏற்பாட்டில் நான் குறை காணவில்லை. கொடுத்தவர் செத்த பிறகும் கொடை நிற்க வேண்டும், பங்கு போட்டவர் ஓடிப்போனாலும் கடன் தீர வேண்டும் என்பதற்காக மனிதர்கள் செய்துகொண்ட வசதி இது. வயதில்லாத ஆளும் வயதுள்ள ஆளும் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்கும்போது என்ன நடக்கும் என்பதை மட்டும் அன்று நான் யோசித்ததில்லை. அதை எங்கள் மலையே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

*

1980களின் தொடக்கத்தில் செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கம் தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெயர்த்து, பாண்ட்ஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்து நிறுவியது. செய்த தெர்மாமீட்டர்கள் ஏற்றுமதிக்கு. சீசனை நம்பிப் பிழைக்கும் ஊரில் மாதச் சம்பளம் தரும் ஆலை என்றால் அதன் மதிப்பே தனி. பெண் கொடுக்கும்போது விசாரிப்பார்கள், "மாப்பிள்ளை தெர்மாமீட்டர் ஃபேக்டரியா?" என்று.

தெர்மாமீட்டர் நான் சிறுவனாக இருந்தபோதே எங்கள் வீட்டுக்குள் வந்த அதிசயம். காய்ச்சல் என்றால் அம்மா புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். பிறகு தெர்மாமீட்டரை உதறி நாக்கின் அடியில் வைப்பாள். எப்போதாவது தவறி விழுந்து உடைந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். சிமெண்டுத் தரையில் வெள்ளி மணிகளாகப் பாதரசம் சிதறும். தாளை மடித்துத் தள்ளினால் இரண்டு மணி சேர்ந்து ஒன்றாகும், விரலால் அமுக்கினால் ஒன்று பத்தாகும். தீப்பெட்டியில் சேர்த்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோவோம். ஒரு தெர்மாமீட்டருக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரு கிராம். அது சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ இல்லை, மூச்சில் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழனியாண்டவரின் மூலவரே ஒன்பது நஞ்சுகளைக் கட்டிப் போகர் செய்தது என்று நம்புகிற மலை இது. பாதரசத்தைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது சித்த வைத்தியத்தின் பால பாடம். அந்த அறிவு ஏட்டில் இருந்தது. டன் கணக்கில் பாதரசம் மலையேறியபோது அது யார் நினைவுக்கும் வரவில்லை.

2001 மார்ச்சில் எங்கள் ஊர் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஆலையிலிருந்து வந்த, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கும் மேல் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்த நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. ஹைதராபாத்திலிருந்து வந்த அறிவியலாளர்கள் மரத்துப் பாசியையும் ஏரி மீனையும் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். பாசியிலும் பாதரசம், மீனிலும் பாதரசம். 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே, பென்சில்வேனியாவுக்குப் போனது. ஊரைவிட்டுப் போக வேண்டிய பொருளுக்குப் பயணச் சீட்டு கிடைத்துவிட்டது. உடம்பில் ஏறியதாகத் தொழிலாளிகள் சொன்ன பாதரசத்துக்கு அப்படி ஒரு கப்பல் இல்லை.

முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. 2015-இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி உலகம் சுற்றி, பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்குமாக ஒரு சமரசம் ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு வரவில்லை என்பதுதான் கம்பெனி கடைசி வரை சொன்னது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது. அந்த வழக்கில் ஒரு வரிகூட நான் அடித்ததில்லை. பேப்பரில் தொடர்ந்து படித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் தொழில் பழக்கத்தில் நான் பார்த்தது அந்த வழக்கின் முகப்பைத்தான்.

ஆலை மூடியதிலிருந்து சமரசம் வரை 15 ஆண்டு. அதற்கு முன்னும் அதற்குள்ளுமாகக் கம்பெனிக்கு என்ன ஆயிற்று? 1987-வாக்கில் தாய் நிறுவனம் யூனிலீவர் கைக்கு மாறியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. 2007-இல் அது இந்துஸ்தான் யூனிலீவர் ஆனது. பெயர் மாறியது, கை மாறியது. மூப்பு வரவில்லை, மறதி வரவில்லை, கை நடுங்கவில்லை. எதிரே நின்றவர்களில் முப்பது வயதில் ஆலையைவிட்டு வந்தவருக்கு 45 ஆனது. 45-இல் வந்தவருக்கு 60 ஆனது. தீர்வு வந்தபோது குடும்பத்தாரும் அதில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. வழக்கு என்பது காத்திருப்பு. வயதில்லாதவருக்குக் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. வாய்தா தள்ளிப்போனால் ஒரு வருஷக் கணக்கில் ஒரு வரி கூடும். வயதுள்ளவர் ஒவ்வொரு வாய்தாவையும் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். சட்டத்தின் முன் இருவரும் சமம் என்று தாள் சொல்கிறது. காலத்தின் முன் அவர்கள் ஒருநாளும் சமமாக இருந்ததில்லை.

*

இப்போது என் மேசையில் டைப்ரைட்டர் இல்லை. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கின்றன. மனு அடிக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு இ-சேவை மையம். போன மாதம் தெருப் பையன் ஒருவன் போனை நீட்டினான்.

"மாமா, இத ஒரு பிரிண்ட் மட்டும் போட்டுத் தாங்க. அப்பத்தாவோட பென்ஷன் நின்னுபோச்சு."

படித்தேன். சந்திப் பிழை இல்லாத தமிழ். 'முதுமையின் வலியோடும் வறுமையோடும் நாளும் போராடி வருகிறேன்' என்று ஒரு வரி.

"அப்பத்தா இப்படிச் சொன்னாங்களா தம்பி?"

"இல்ல மாமா. ஏஐ-ல கேட்டேன், அதுவே எழுதிக் குடுத்துச்சு."

நன்றாகத்தான் எழுதியிருந்தது. பிழைப்பில் பாதி போயிற்றே என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. ஒரு கிழவிக்குக் காசு செலவில்லாமல் மனு கிடைத்தால் நல்லதுதானே. என் கண் போனது முகப்புக்கு. அங்கே மூன்று இடத்தை அது அடைப்புக்குறி போட்டுக் காலியாக விட்டிருந்தது: பெயர், வயது, முகவரி. வலியை அது எழுதிவிட்டது. வலி யாருடையது என்பதை எழுத அதனால் முடியவில்லை. பையன் வீட்டுக்கு ஓடி, ஆதார் அட்டையைக் கொண்டுவந்து அந்த மூன்றையும் நிரப்பினான்.

"மாமா, இதுக்கும் மனுஷங்களாட்டம் உரிமை குடுக்கணும்னு வெளிநாட்டுல பேசிக்கிறாங்களாமே?" என்று போகிற போக்கில் கேட்டான்.

பேசத்தான் செய்கிறார்கள். 2017 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில், தானாக முடிவெடுக்கும் ரோபோக்களுக்கு 'மின்னணு ஆள்' என்ற சட்டத் தகுதியைத் தரலாமா என்று ஆராயச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அக்டோபரில் ரியாத்தில் நடந்த ஒரு முதலீட்டு மாநாட்டில், சோபியா என்ற ரோபோவுக்குச் சவுதி அரேபியா குடியுரிமை அறிவித்தது. அந்த நாட்டுப் பெண்கள் கார் ஓட்டலாம் என்ற அனுமதி நடைமுறைக்கு வந்தது அதற்கும் பின்னால், 2018 ஜூனில். எங்கள் மலையில் 591 பேருக்குத் தீர்வு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் உலகம் இதைப் பேசத் தொடங்கியது.

முன்பு மனிதனை இயந்திரம்போல நடத்தினோம். ஷிஃப்ட், டோக்கன் எண், சிறுநீரில் இத்தனை மைக்ரோகிராம் பாதரசம் என்று ஆளைக் கணக்காக்கினோம். உடம்பின் சூட்டை அளக்கும் கருவியைச் செய்தவர்களின் உடம்பையே அளக்க வேண்டி வந்தது. இப்போது இயந்திரத்தை மனிதன்போல நடத்தலாமா என்று கேட்கிறோம். முதலாவதுக்குப் பதில் சொல்லி முடிக்காமல் இரண்டாவதுக்குப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

*

இயந்திரத்தைக் கண்டு பயந்து இதைச் சொல்லவில்லை. இயந்திரமும் மனிதனும் அழகாகச் சேர்ந்து வேலை செய்வதை இந்த மலையிலேயே பார்த்திருக்கிறேன். ஊருக்கு மேலே 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூற்றாண்டுக்கும் மேலாக, வானம் திறந்த நாளிலெல்லாம் ஒருவர் உட்கார்ந்து, சூரியனின் வட்டத்தைத் தாளில் வரைந்து, புள்ளி ஒரு நிறம், இழை ஒரு நிறம் என்று கையால் குறித்து வைத்தார். பனி மூடிய நாளில் தாள் இல்லை. 1904-வாக்கில் தொடங்கிய அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இன்று இயந்திரமே அவற்றைப் படித்துக் கணக்கெடுக்கிறது. மனிதருக்குப் பல ஆண்டு பிடிக்கும் வேலையைச் சில நாளில் முடித்துவிடும்.

இதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. திறமையை வைத்து மனிதனையும் இயந்திரத்தையும் பிரிக்க முடியாது. கணக்கு போடுவது மனிதனுக்கே உரியது என்றார்கள், போயிற்று. சதுரங்கம் என்றார்கள், போயிற்று. மொழி என்றார்கள், அந்தப் பையனின் போனிலேயே பார்த்துவிட்டேன். எல்லையைத் திறமையில் போட்டால் இயந்திரம் ஒவ்வொரு வருஷமும் அதைத் தாண்டிக்கொண்டே இருக்கும். அதைவிடக் கொடுமை, மனிதரில் பலர் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுவார்கள். பேச்சு வராத குழந்தை, நினைவு தப்பிய கிழவி, நரம்பு தளர்ந்து கை நடுங்கும் தொழிலாளி, வயது சொல்லத் தெரியாத பளியர் பெண். இவர்கள் எந்தப் போட்டியிலும் இயந்திரத்தை ஜெயிக்க மாட்டார்கள். இவர்களுக்குத்தான் உரிமை முதலில் வேண்டும்.

எல்லையை வேறு இடத்தில் போட வேண்டும். யாருக்குக் காலம் செலவாகிறது? யாருடைய உடம்பு, போனால் திரும்பாதது? சூரியனை வரைந்தவரின் கண் மங்கும். அதே தாளைப் படிக்கும் இயந்திரத்துக்கு ஒரு சில்லு பழுதானால் இன்னொன்றில் அதே நினைவை ஏற்றிவிடலாம். அதை நிறுத்தி வைத்துப் பத்து ஆண்டு கழித்து ஓட்டினாலும், நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கும். பத்து ஆண்டு வழக்கில் நிறுத்தி வைத்த மனிதனை அப்படித் தொடங்க முடியாது.

இப்படிப் பார்த்தால் மலையும் சோலையும் மனிதன் பக்கம் வந்துவிடுகின்றன. சோலைக்கு வயது உண்டு. வெட்டினால் ஒரு தலைமுறைக்குள் அது திரும்பி வராது. சோலை இருந்த இடத்தில் யூகலிப்டசும் வாட்டிலும் நிற்பதை இங்கே எல்லோரும் பார்க்கிறோம். பாசி பாதரசத்தை வாங்கிக்கொண்டது, மீன் வாங்கிக்கொண்டது. அடிபடக்கூடியது எதுவோ அதற்குக் காப்பு வேண்டும் என்ற உணர்வு நம் நீதிமன்றங்களுக்கும் வந்திருக்கிறது. எங்கள் மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டத்து மேகமலைக் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்திலிருந்து எழுந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி எஸ். ஸ்ரீமதி 2022 ஏப்ரலில், இயற்கை அன்னை உயிருள்ள ஆள், அதற்குச் சட்ட உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தார். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்றதும் உயர் நீதிமன்ற உத்தரவுதான். 2025 ஏப்ரலில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று கேட்டு, அதன்படி ஆளை அனுமதிக்கும் காலம் வந்திருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி எவரும் எப்போதும் வரலாம் என்றிருந்த ஊரில் இது சின்ன மாற்றமில்லை. வியாபாரிகளுக்கு வருத்தம் இருக்கிறது, அதுவும் நியாயமான வருத்தம்தான். ஆனாலும் மலைக்காக ஒருவர் கணக்குக் கேட்டார் என்பதில் எனக்கு நிம்மதி.

ஆள் என்று அறிவித்தால் மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சட்டப்படி ஆட்கள் என்றது. வெள்ளம் வந்து சேதமானால் நஷ்ட ஈடு கேட்டு யார் மேல் வழக்குப் போடுவது என்று மாநில அரசு கேட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பழங்குடி அட்டவணையில் பெயர் ஏறிய பளியர்களின் கதையும் அதுதான். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வழக்குகளால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. தாளில் உரிமை வந்த நாளுக்கும் கையில் பட்டா வந்த நாளுக்கும் நடுவே ஒரு குறிஞ்சிக் காலம் போகலாம். காட்டில் தேனெடுத்து வாழ்ந்தவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

இனி இயந்திரத்தை ஆளாக்குவதைப் பற்றி. தானோட்டிக் கார் ஒருவரை அடித்தது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரமே ஓர் ஆள் என்றால் குற்றவாளி அதுதான். செய்து விற்றவர் ஒதுங்கிக்கொள்வார், வாங்கி ஓட்டியவர் ஒதுங்கிக்கொள்வார். அடிபட்டவர், வயதே ஆகாத ஓர் எதிராளியோடு காலமெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும். கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் இன்னொரு திரை. இதைத்தான் 2018-இல் 150-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். 2024-இல் வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இயந்திரத்தை ஆளாக்கவில்லை; செய்பவர் மீதும் பயன்படுத்துபவர் மீதும் கடமைகளைச் சுமத்தியது. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

என்றைக்காவது உண்மையிலேயே நோகக்கூடிய, இழந்தால் மீளாத ஓர் இயந்திரம் வருமா? வராது என்று அடித்துச் சொல்ல நான் யார்? அப்படி ஒன்று வந்தால், நான் சொல்லும் இந்த அளவுகோலே அதற்கும் இடம் விடும். எதனால் செய்த உடம்பு என்று அது கேட்கவில்லை. காயம் படுமா, காலம் தீருமா என்று மட்டும் கேட்கிறது. இன்றைய இயந்திரம் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு நான் எதையும் பார்க்கவில்லை. முந்தி வந்து வரிசையில் நிற்பவர்களை மட்டும் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே ஆயுள் முழுக்க மனு அடித்தவன் என்ற முறையில் நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, உடம்புள்ள ஒருவர் உடம்பில்லாத ஒருவர் மீது போடும் வழக்குக்குக் காலக்கெடு வேண்டும். மூத்த குடிமக்கள் வழக்குகளை முன்னதாக எடுக்கும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தொழிலிடத்தில் நஞ்சேறியவர், காட்டு உரிமைக்குக் காத்திருப்பவர், இயந்திரத்தின் முடிவால் பென்ஷனோ வேலையோ இழந்தவர் என எல்லோருக்கும் அதை விரிக்கலாம். எதிரே நிற்பது கம்பெனியானாலும் அரசானாலும், நாள் கேட்கும் ஒவ்வொரு முறையும் மனுதாரரின் வயதைப் பார்த்துத்தான் நீதிபதி நாள் தர வேண்டும். இரண்டு, ஓர் இயந்திரம் மனிதர் மீது முடிவெடுக்கிறது என்றால், அந்த முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போட ஒருவர் இருக்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், ஊர் உள்ள ஒருவர். தவறு நடந்தால் நாம் போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒருவர். இந்த இரண்டும் நடக்கட்டும். அதன் பிறகு இயந்திரத்தின் உரிமையைப் பற்றிப் பேச நானும் வந்து உட்காருகிறேன்.